புல்லட் ரயிலுக்கு நான் வக்காலத்து வாங்கிய நாள்

இந்த நாட்டில் புல்லட் ரயிலை மனதார விரும்புகிற ஒரே ஆள் ராஜபாளையத்தில் பேரிங் கடை வைத்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் மேடைக்காகப் பேசுகிறவர்கள். அவர் விரும்புகிற அளவுக்கு அதை வெறுக்கிற ஒரே ஆள் நான். எங்கள் இரண்டு பேருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரே தெருவில். அந்தத் தெரு என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை.

பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பேரிங் பாய் என்றால் மில் ஃபிட்டரிலிருந்து முதலாளி வரைக்கும் தெரியும். நூல் மில் மெஷின்களுக்கு வேண்டிய பேரிங் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். வாங்க வருகிறவர் முன்னால் பேரிங்கை விரலில் மாட்டி ஒரு சுண்டு சுண்டுவார். அது சுற்றி முடிப்பதற்குள் பில் போட்டுவிடுவார்.

அவசரம் என்றால் அப்படி ஒரு அவசரம். டீயில் சர்க்கரை கரைவதற்கு முன்பே குடித்துவிட்டு, சர்க்கரை போடவில்லை என்று டீக்கடைக்காரரோடு சண்டைக்கு நிற்பார். கல்யாண வீட்டில் நாம் பிரியாணியில் கை வைக்கும்போது அவர் பைக் தெருமுனை தாண்டியிருக்கும். ஒருமுறை முடிவெட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வியாபாரத்துக்குப் போய்விட்டு, மறுநாள் மீதித் தலையோடு வந்து உட்கார்ந்தார்.

இதே பத்திரிகையில் முன்பு புல்லட் ரயிலைத் திட்டி எழுதியிருந்தேன். எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். பெரிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் நடுவில் கோடி கோடியாகக் கொட்டி ஒரு ரயில். விளைகிற நிலத்தைப் பிடுங்கித் தண்டவாளம். டிக்கெட்டைக் கூலிக்காரன் தொட முடியாது. நம் ஊர் வழியாக வருகிற வண்டியிலோ, முன்பதிவில்லாத பெட்டியில் கக்கூஸ் வாசலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் போகிறார்கள். அந்தப் பெட்டியில் இன்னும் இரண்டைக் கூட்ட வக்கில்லை, பறக்கிற ரயில் ஒரு கேடா?

பத்திரிகை வந்த காலையிலேயே பாய் கடையைப் பூட்டாமல் பைக்கில் வந்து இறங்கினார்.

“ஏலே, என்னத்தலே எழுதி வச்சிருக்க? வேகம் வேண்டாம்னு சொல்ல நீ யாரு?”

“வேகம் வேண்டாம்னு எங்கண்ணே சொன்னேன்? சென்னையிலேர்ந்து பெங்களூருக்குப் பறக்குறதுல நம்ம ஊருக்கு என்ன லாபம்?”

“கரண்டு மொதல்ல எங்க வந்துச்சு? செல்போன் எங்க வந்துச்சு? எல்லாம் பெரிய ஊருக்கு வந்துட்டுப் பொறவுதாம்லே நமக்கு வரும்.”

“நாலு வழிச்சாலை வந்த ஊரையெல்லாம் போய்ப் பாருங்க. பஸ்ஸு ஊருக்குள்ள வராம வெளியவே இறக்கி விட்டுட்டுப் போறான். உங்க ரயிலு நம்ம ஊரப் பாத்துக் கையாட்டிட்டுப் போகும். நீங்களும் பதிலுக்கு ஆட்டுங்க.”

பத்திரிகையை என் முகத்தில் வீசிவிட்டுப் போனார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டார். காசு கொடுத்து வாங்கியதாம்.

அவருக்கு இந்த வெறி ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களில் மவுத்து என்றால் காக்க வைப்பதில்லை. காலையில் போனவரை மதியத் தொழுகையோடு அடக்கம் செய்துவிடுவோம். ஐஸ் பெட்டி வந்த பிறகும் எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். பிள்ளைகள் இருப்பதோ சென்னையில், பெங்களூரில், அதற்கும் அப்பால். நினைத்த நேரத்துக்கு ஏறி வர ரயில் இல்லை. பிள்ளை வந்து சேரும்போது மண்தான் மிச்சம் இருக்கும்.

அந்த இடத்தில்தான் பேரிங் பாய் நுழைவார். கூப்பிட வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குப் போன் போட்டு, எந்த வண்டியில் ஏறணும், எங்கே இறங்கணும், கார் எங்கே நிற்கும் என்று உத்தரவு போடுவார். மறுபக்கம் ஜமாஅத் தலைவரோடு மல்லுக்கு நிற்பார். “செத்த நேரம் பொறுங்க தலைவரே, பெத்த புள்ள மூஞ்சியப் பாக்க வேண்டாமா?” இவரைக் கண்டாலே தலைவர் தொப்பியைச் சரியாக அழுத்திக்கொள்வார்.

எதிர்வீட்டு வாத்தியார் மவுத்தான அன்று அவர் மகன் சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தான். ரயில் ஊர்ந்து வருகிறது என்று அவனை விருதுநகரிலேயே இறக்கி, பாய் காரில் ஏற்றிவிட்டார். சிவகாசிப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எந்த ரயிலுக்காக என்கிறீர்கள்? அவன் இறங்கிய அதே ரயிலுக்காக! தன் ஜன்னலோர சீட் தன்னைத் தாண்டிப் போவதை அவன் கண்ணால் பார்த்தான். பாய் சண்டை போட்டு அடக்கத்தை நிறுத்தி வைத்ததால் கடைசியில் அத்தாவின் முகத்தையும் பார்த்தான். இறக்கிவிட்டது தப்பு என்று மட்டும் பாய் ஒப்புக்கொள்ளவே இல்லை. “புல்லட் ரயிலுக்குக் கேட்டே கிடையாதுலே. அது பாலத்து மேலேயே போயிரும்” என்றார்.

இப்படி அலைகிறவருக்குள் ஏதாவது பழைய சோகம் இருக்கும், எழுத ஆகும் என்று நானும் துருவிப் பார்த்தேன்.

“உங்க அத்தா மவுத்துக்கு நீங்க வந்து சேரலையோ?”

“பக்கத்துலதாம்லே இருந்தேன். கடைசியா மூஞ்சியப் பாத்தேன். அது எம்புட்டுப் பெரிய விஷயம்னு பாத்தவனுக்குத்தான் தெரியும்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனிதர்மேல் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடியாது.

போன வருடம் அவர் பேரிங் வாங்கச் சென்னை போயிருந்தபோது, காலையில் இங்கே அவருடைய அம்மா மவுத்தாகிவிட்டார். விமானத்தில் இடமில்லை. கிடைத்த ரயிலில் மதுரை வரை வந்து, அங்கிருந்து காரில் வருவதாகச் சொன்னார். வந்து சேரச் சாயங்காலம் ஆகும். தலைவரும் பாயின் அண்ணனும் மதியத் தொழுகையோடு அடக்கம் என்று முடிவே செய்துவிட்டார்கள்.

“ஏலே, நான் அங்க இருந்தா விட்டிருப்பேனா? நீ பேசுலே!” என்று போனில் கத்தினார் பாய். குரல் உடைந்திருந்தது.

நான் காகிதத்தில் கோபப்படுகிறவன். நேரில் ஆளைப் பார்த்தால் ஸலாம் சொல்லிவிட்டு ஒதுங்குகிறவன். இருந்தாலும் போய் நின்றேன். “மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது தம்பி, தெரியாததா?” என்றார் தலைவர். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா யாரையும் காக்க வச்சதில்லப்பா” என்றார்.

அந்த நேரம் பார்த்து மறுபடி போன். விழுப்புரத்தில் வண்டி நின்றுவிட்டதாம்.

“இப்பச் சொல்லுலே! புல்லட் ரயிலு வேணுமா, வேண்டாமா?”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மவுத்து வீட்டு வாசல் என்பதையும் மறந்து, “வந்தாலும் உங்கள பெங்களூர்லதாண்ணே இறக்கி விடும்!” என்று அலறினேன்.

பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். “புல்லட் ரயிலா? சுத்த தண்டம். நீங்க எழுதுனது நூத்துக்கு நூறு சரி தம்பி.” ஒருவர் நிலத்தைச் சொன்னார், இன்னொருவர் டிக்கெட் விலையைச் சொன்னார். ஒரு பந்தலே என் கட்டுரையை ஒப்புக்கொண்டது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்டால் பேச்சு முடிந்துவிடும். முடிந்தால் எழுந்து அடக்க வேலையைப் பார்ப்பார்கள்.

“அதெப்படித் தண்டம்னு சொல்றீங்க?” என்றேன்.

“நீங்கதான எழுதுனீங்க?”

“தப்பா எழுதிட்டேன்!”

அந்த ரயிலைக் கட்டுகிறவர்கள்கூட அதற்காக அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். கரண்டு, செல்போன், கேட்டே இல்லாத பாலம் என்று அடுக்கினேன். தலைவர் கொதித்தார். சவூதியில் இருந்துவிட்டு வந்த ஒருவர், மக்காவுக்கும் மதீனாவுக்கும் நடுவே பறக்கிற ரயிலில் தாம் போன கதையைச் சொல்லி என் கட்சியில் சேர்ந்தார். மக்கா என்றதும் தலைவர் கொஞ்சம் தடுமாறினார். உடனே சுதாரித்து, “அவன்கிட்ட எண்ணெய்க் கெணறு இருக்கு, உங்ககிட்ட என்ன இருக்கு, பால்கோவா சட்டியா?” என்று பாய்ந்தார். மய்யித்தைக் குளிப்பாட்ட உள்ளே சொல்லி அனுப்ப வேண்டியவர் அவர்தான். அவரோ எண்ணெய்க் கிணற்றை விட்டு வெளியே வருவதாக இல்லை.

மதிய பாங்கு கேட்டது. குளிப்பாட்டவே ஆரம்பிக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது.

“நேரத்தை இழுக்கத்தான பேசுனீங்க?”

“ஆமா, இழுத்தேன்! இந்தத் தெருவுல எத்தனை வீட்டுப் புள்ளைங்களுக்காக அவரு உங்ககிட்ட கத்தியிருக்காரு! இன்னைக்கு அவருக்காகக் கத்த ஒருத்தன் இல்லன்னா நாமெல்லாம் என்ன மனுசங்க?” இதைக் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபம் அப்போதுதான் வந்தது.

வாத்தியார் மகன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, “எந்தம்பி வரட்டும் தலைவரே” என்றார். தலைவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “வரட்டும். சாயங்காலத் தொழுகைக்கு வச்சுக்கிடுவோம்” என்றார்.

பாய் வந்தார். செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம் பறக்க உள்ளே ஓடினார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது என் பக்கத்தில் வந்து, “ஏலே, நீ சப்போர்ட்டாப் பேசுனியாமே?” என்றார்.

“வாய்க்கு வந்ததப் பேசுனேண்ணே. எனக்கு இன்னமும் அது தண்டம்தான்.”

“கல் நெஞ்சுலே உனக்கு” என்று திட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

இதைப் படித்ததும் சண்டைக்கு வருவார். அதனால் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். அந்த ரயில் நமக்கு வேண்டாம். இருக்கிற வண்டியில் பெட்டியைக் கூட்டட்டும், நேரத்துக்கு ஓட்டட்டும். ஆனால் எங்கே போனாலும் பேரிங் பாய் சீக்கிரம் வீடு வந்து சேர, அவர் ஒருவருக்கென்று மட்டும் ஒன்றை விடுவார்கள் என்றால், நான் எதிர்த்து எழுத மாட்டேன்.