அட்டைத் தாய்க்கு ஒரு கேடயம்

கேட்ட ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுப்பவர்கள் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாகம் என்று சொன்னால் சட்டை கொடுப்பார்கள். நல்ல சட்டையாகத்தான் இருக்கும், மேலே நாடா கட்டியிருக்கும், அதை நீங்கள் வாங்கும்போது படம் எடுக்க ஓர் ஆளும் நிற்பார். நா வறண்டபடி நீங்கள் சிரிப்பது படத்தில் நன்றாகவே விழும்.

எல்லா ஊரிலும் உள்ள இனம்தான். ஆனாலும் படைமுகாமை ஒட்டிய எங்கள் லூசியானா ஊரில் அது கொழுத்து வளர்கிறது. முகாமில், துணைவன் இல்லாமல் பிள்ளை வளர்க்கும் பெண் சிப்பாய்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கடல் தாண்டி அனுப்புகிறார்கள். உருகுவதற்கு இதைவிட நல்ல காரணம் உலகத்தில் கிடைக்குமா? ஆகவே எங்களுக்கு ஒரு சீருடைத் தாயர் நலச் சங்கம் இருக்கிறது. அதன் தலைவி வெர்லீன் ப்ரூவிட்.

வெர்லீன் பல் மருத்துவரின் மனைவி. பிள்ளைகள் மூவரும் வெளியூரில். ஐந்து படுக்கையறை வீட்டில் ஒன்றில் தம்பதியர் தூங்குகிறார்கள். மற்ற நான்கிலும் கூடைகள் தூங்குகின்றன. கண்ணாடிக் காகிதம் சுற்றிய கூடைகள். உள்ளே வாசனை மெழுகுவத்தி, பாதத்துக்குப் பூசும் களிம்பு, கொடி தைத்த போர்வை, மனதை அமைதியாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு புத்தகம். இவை பாலைவன முகாம்களுக்குப் போகும். மெழுகுவத்தி அங்கே குழம்பாகத்தான் போய்ச் சேரும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். வெர்லீன் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, அவருக்கு எல்லோரும் கண்ணு. விடைகொடுக்கும்போது தவறாமல் சொல்வார்: “எது வேணும்னாலும் ஒரு போன் அடி, கண்ணு.”

என் அம்மாவும் அந்தச் சீருடைதான். லாரி பழுது பார்ப்பவள். இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பி வந்தாள். போன மார்ச்சில் வீட்டில் இறந்தாள். சங்கம் பழக்கூடை அனுப்பியது. எது வேண்டுமானாலும் கூப்பிடச் சொன்னார் வெர்லீன். கூப்பிட்டேன். அம்மாவுக்காக வீட்டில் போட்டிருந்த மருத்துவமனைக் கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக ஆட்கள் வருகிறார்கள், அந்த நேரத்துக்கு யாராவது கூட இருந்தால் தேவலை என்றேன். ஐயோ பாவம் என்று நெடுநேரம் வருந்தினார். மறுநாள் இன்னொரு கூடை வந்தது. பேரிக்காய்.

நான் மின்சாரத் தொழில்நுட்பம் படித்தவன். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே சாமான் வெளியே விழுந்தால் எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் பழுது. இந்த இனத்தாரிடம் அதற்குப் பெயர் தொண்டு.

இனி டெனெல் ஃபான்டெனோவுக்கு வருவோம். படையில் சார்ஜென்ட். ஒடெட் என்று நாலு வயதுப் பெண் குழந்தை. எங்கள் நாட்டுப் படையில் ஒரு விதி உண்டு: தனித்தாய் கப்பலோ விமானமோ ஏறுமுன், பிள்ளையை வைத்துக்கொள்ள ஓர் ஆளைக் காட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் பயணம் இல்லை. பயணம் இல்லையென்றால் சீருடையும் இல்லை. டெனெலின் ஆள் அவளுடைய பெரியம்மா. அந்தப் பெரியம்மா, கூரைத் தகரத்தில் அடைத்த இலைகளை அள்ளப்போய் ஏணியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். டெனெலின் பயணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு டெனெல் வந்தாள். எனக்கு அன்று அங்கே மைக் சரிசெய்யும் வேலை. முப்பது பெண்கள், நடுவே முந்திரி போட்ட கேக். அவள் எழுந்து நின்று சொன்னாள்:

“எனக்கு ஒண்ணும் வேணாம்மா. பெரியம்மாவுக்கு எலும்பு கூடுற வரைக்கும் பாப்பாவ வச்சுக்க ஒரு வீடு வேணும். ஆறு வாரம். அப்புறம் அவங்க பாத்துக்குவாங்க.”

கேக் வெட்டிய கத்தி அப்படியே நின்றது. பிறகு ஒருவருக்கு வீட்டில் பூனை இருப்பது நினைவுக்கு வந்தது. இன்னொருவருக்கு வெள்ளை சோபா. மூன்றாமவரின் கணவருக்கு முழங்கால் வலி. குழந்தை அந்த முழங்கால்மேல்தான் ஏறப்போகிறது என்று எப்படித் தீர்மானித்தாரோ. வெர்லீன் மட்டும் எழுந்து வந்து டெனெலின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நடிப்பில்லை, இந்த இனத்துக்குக் கண்ணீர் எப்போதும் அசல்தான்.

“பாப்பா உன்ன எப்படித் தேடும்னு எனக்குத் தெரியும் கண்ணு. அதுக்கு எங்ககிட்ட ஒண்ணு இருக்கு.”

இருந்தது. அட்டைத் தாய். ஆளுயரப் படத்தை அட்டையில் ஒட்டி, வெட்டி, பின்னால் முட்டுக்கொடுத்து நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள், தேவாலயத்துக்கும் தூக்கிப்போவார்கள், பிள்ளைகள் முத்தமும் கொடுக்கும். தூக்கிப்போக ஓர் ஆள் உள்ள வீட்டில் நல்ல ஏற்பாடுதான். டெனெல் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

“அத யார் வீட்டுலம்மா நிறுத்துறது?”

அது சின்ன விவரம், கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்றார் வெர்லீன். தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. அவரிடம் நான், ஐந்து அறை இருக்கிறதே என்று மெல்லக் கேட்டேன். உண்மையாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார். “அதெல்லாம் கூடைக்கு வேணுமே, கண்ணு.” நீயாவது வைத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பாதி மாதம் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றின்மேல் வேலை எனக்கு. அட்டைக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அடுத்து வந்தது வழியனுப்பு விருந்து. தனித்தாய்மாரைக் கௌரவிக்கும் விருந்து. அழைப்பிதழில் பொன் எழுத்தில் ஒரு வரி: தாய்மார் சற்றே இளைப்பாறும் பொருட்டு, குழந்தைகளை அழைத்துவர வேண்டாம். ஆமாம், தனித்தாய்மாருக்குத்தான். இந்த வரியை யோசித்துப்பிடிக்க ஐந்து பேர் கொண்ட துணைக்குழு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒடெட்டைப் பார்த்துக்கொள்ள அன்று மாலைக்கு ஆள் கிடைக்காததால் டெனெல் வரவில்லை. அதே காரணத்தால் மற்றத் தாய்மாரிலும் பாதிப்பேர் வரவில்லை. அதை யாரும் நன்றிகெட்டத்தனம் என்று சொல்லவில்லை, சற்று வருத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் விழா நிற்குமா? அட்டை தயாராகிவிட்டதே. முதல் மேசையில், நடு நாற்காலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அட்டை டெனெலை நிறுத்தினார்கள். பரிமாறியவர் பழக்கதோஷத்தில் அதன் முன்னாலும் ஒரு கிண்ணம் இறால் குழம்பு வைத்தார். பக்கத்து இருக்கையில் பார்வை மங்கிய ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர். கால் மணி நேரம் அதனிடம் தம் போர் அனுபவங்களைச் சொல்லிவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இப்படிப் பொறுமையாகக் கேட்பவர்கள் அபூர்வம் என்று பாராட்டினார். எனக்குத் தெரிந்த மிக உறுதியான பெண் இவள், ஒரு நாளும் குறை சொன்னதில்லை என்று வெர்லீன் பேசினார். உண்மை. சொல்லவில்லை. அட்டையின் நெஞ்சில் விருதுக் கேடயத்தைச் சாய்த்து வைத்தார்கள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

கமிட்டி வெள்ளிக்கிழமை வரை வீடு பார்த்தது. பிள்ளைக்கு ஆள் காட்டப் படை கொடுத்த கெடுவும் வெள்ளிக்கிழமைதான். பத்து வருடத்துக்கு மேல் போட்ட சீருடையை டெனெல் கழற்றிக் கொடுத்தாள். விமானம் அவள் இல்லாமல் போயிற்று. இப்போது நெடுஞ்சாலையோர டயர்க் கடையில் நிற்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை வெர்லீன் இரண்டு உறுப்பினர்களோடு அவள் வீட்டுக்குப் போனார். வாசல் விளக்கை மாற்றித்தர நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். கேடயத்தோடு அட்டையையும் இங்கேதான் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஒடெட் அதற்குத் தொப்பி மாட்டி வைத்திருந்தாள்.

“நீதான் இப்ப போகலியே கண்ணு,” என்றார் வெர்லீன், கூச்சத்தோடு. “அந்த அட்டை இன்னொரு பொண்ணுக்கு ஆகும். தலைய மட்டும் மாத்துனாப் போதும்.”

டெனெல் உள்ளே போய், தொப்பியை எடுத்துவிட்டு, தன்னைத் தானே தூக்கிவந்து கொடுத்தாள்.

“கொண்டுபோங்கம்மா. அந்தப் பொண்ணுகிட்டயாவது கேளுங்க, பிள்ளைய யாரு வச்சுக்கிறாங்கன்னு.”

“கேக்காம இருப்போமா? என்ன நிறம் பிடிக்கும்னுகூடக் கேட்டாச்சு.”

காரின் கதவை மூட முடியவில்லை. அட்டையின் காலை மடக்கித் திணித்துக்கொண்டு போனார்கள்.

இப்போது உங்களுக்கு டெனெல்மேல் இரக்கம் வந்திருக்கும். அவளுக்கு ஏதாவது அனுப்பலாமே என்று கை துறுதுறுக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். டயர்க் கடை அடைக்கும் வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் இன்றைக்கு அவள் கேட்பது. தொலைவு என்பீர்கள். நியாயம்தான். ஆனால் உங்கள் பக்கத்து வீட்டிலும் ஒருத்தி இருப்பாளே, போன மாதம் அவள் உங்களிடம் என்ன கேட்டாள்? நினைவில்லையா?

நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, இல்லையா?