கண்டி ஸ்டேஷனில் நான் பதுங்கியிருந்த நாள்

காத்திருப்பதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று மூன்று வருடமாக நம்பியிருந்தேன். கல்யாணமாகி நாற்பதாம் நாள் சவூதிக்குப் போன மனுசனுக்காக வத்தேகமயில் நாளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தத் தலைக்கனமாவது வேண்டாமா?

அவர் ரிஸ்வான். அவர் திரும்பி வரும் மாதத்தில்தான் ஒரு சஞ்சிகைக்காகச் சிங்களக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கினேன். இராணுவத்தில் மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்பது விஷயம். தட்டில் பத்துப் பொருட்களை வைத்து ஒரு நிமிடம் காட்டுவார்களாம். பின்னேரம் கேட்டால் பொத்தானில் எத்தனை துளை என்பதுவரை சொல்ல வேண்டும். இலை தழைக்குள் நாள் முழுக்கக் கிடக்க வேண்டும். எறும்பு கடித்தாலும் சொறியக் கூடாது. பார்க்கும்போது முதலில் கிட்டத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பிறகுதான் பட்டை பட்டையாகத் தூரத்துக்குப் போக வேண்டும்.

எனக்கு ஒரு ஆசை வந்தது. ஃபோனில் என்னைக் கண்டதுமே அவர் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்கு முந்திய முகத்தை, என்னைத் தேடுகிற முகத்தை, நான் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

"ஸ்டேஷனுக்கு வர வேணாம், நான் வீட்டுக்கே வாறேன்" என்றுதான் சொல்லியிருந்தார். (அப்படிச் சொல்கிறவர்தான் கட்டாயம் தேடுவார்.) உம்மா விருந்துச் சமையலுக்காகத் தாத்தா வீட்டுக்குப் போனதும் (எங்களுக்குத் தாத்தா என்றால் அக்கா) கதவைப் பூட்டிவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறினேன். வழக்கமாக நான் முகம் மூடுவதில்லை. அன்று தாத்தாவின் முகத்திரையை இரவல் வாங்கி மாட்டியிருந்தேன்.

தூணோரம் நின்று ஃபோனை நிறுத்தினேன். ரயில் வந்தது. திரைக்குள் மூக்கு அரித்தது, சொறியவில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்கி, அடர்ந்த சுருட்டைத் தலை ஒன்றைத் தேடினேன். மொட்டைத் தலை மனிதர் ஒருவர் இரண்டு சூட்கேஸ்களோடு பக்கத்தில் வந்து நின்று மறைத்தார். எரிச்சலோடு அரை அடி தள்ளி நின்று வேலையைத் தொடர்ந்தேன்.

அவர் வரவில்லை. அடுத்த ரயிலுக்கும் நின்றேன். அதிலும் இல்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால், வாசற்படியில் குனிந்தபடி அந்த மொட்டைத் தலை.

"யாரு நீங்க?" என்றேன்.

"அது ஈக்கட்டும், நீங்க யாரு? மூணு மணித்தியாலமா என்ட பொஞ்சாதியக் காணல்ல."

குரல் ரிஸ்வானுடையது. திரையைத் தூக்கினேன்.

"மக்காவுல உம்ரா செஞ்சி மொட்டையடிச்சிட்டு வந்தேன், சொல்லாம வருவோம்னு," என்று தலையைத் தடவினார். "நீங்க எங்க போய் ஈந்தீங்க?"

"ஸ்டேஷனுக்கு. தூணுக்குப் பக்கத்துல நின்டேன்."

"நானும் அங்கதான் நின்டேன். கோல் எடுத்து எடுத்துப் பாத்தேன், ஒங்கட ஃபோன் வேல செய்யல்ல."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற கை ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தது. ஒரு பெருமூச்சுகூடக் கேட்டது. நான் ஆசைப்பட்ட முகம் அரை அடி தூரத்தில் இருந்திருக்கிறது. நான் திரும்பவே இல்லை. கிட்டத்தில் இருப்பதை முதலில் பார் என்ற வரியைத் தமிழாக்கியவளும் நானேதான்.

இரண்டு மாதத்தில் அவர் திரும்பிப் போய்விட்டார். வீட்டில் சாவி தொலைந்தால், "அவள்ட மட்டும் தேடச் சொல்லாதீங்க" என்கிறார் தாத்தா. ரிஸ்வான் இப்போதெல்லாம் வீடியோ கோலில் சிரிக்காமல் வந்து உட்காருகிறார். "பாத்துக்கோங்க, அண்டக்கி ஸ்டேஷன்ல ஈந்த மொகம் இதுதான்."

மூன்று எண்ணுவதற்குள் இருவருமே சிரித்துவிடுகிறோம். நான் இன்னும் அதைப் பார்த்தபாடில்லை.