படியாதவன் கட்டிய அறை

பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். தோட்டத்தில் ஓர் அறை கட்டப்போகிறேன். எனக்கு மட்டும்! நானும் என் ரிப்பேர் ரேடியோக்களும். அங்கே கொரகொரவென்று சத்தம் வந்தால் அதட்ட ஆள் கிடையாது.

"எதை வச்சுக் கட்டுவீங்க?" என்றாள் மனைவி.

"பழைய சாமானை வச்சே கட்டுவேன். இடிச்ச வீட்டுக் கதவு, ஜன்னல், மரம்..."

"ஏற்கெனவே ஒரு பழைய சாமானோட குப்பை கொட்டிக்கிட்டிருக்கேன். இன்னுமா?"

சிங்கத்தைச் சீண்டிவிட்டாள். மறுநாளே பழைய மரக்கடை வண்டி வந்து நின்றது.

"பின்கதவுலேருந்து அறைக்குப் படி வைங்க. சரிவு கிரிவுன்னு போட்டுடாதீங்க."

சரிவைப் பற்றி நான் யோசித்ததேயில்லை. ஆனால் போடாதே என்று சொல்ல இவள் யார்? நான் யாருக்கும் படியாதவன். படியே வைக்கவில்லை. உடைந்த செங்கல்லை நிரப்பி, பழைய தளக்கல்லைப் பரப்பி, அறை வாசல்வரை ஒரே சரிவு. என் சரிவும் அங்கேதான் ஆரம்பம்.

"கதவு குறுகலா இருந்தாப் போதும்."

போதுமா? ஏதோ ஆஸ்பத்திரியில் கழற்றிப் போட்ட இரட்டைக் கதவைச் சுமந்து வந்து மாட்டினேன். கதவு அதன் இடத்தில் உட்கார்ந்தது. என் தோள்தான் இன்னும் அதன் இடத்துக்குத் திரும்பவில்லை.

"ஜன்னல் சின்னதா..."

ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி!

"மேசையாவது உயரமா அடிங்க. அடியில அலமாரி கட்டாயம் வேணும்."

தாழ்வாக அடித்தேன். அடியில் ஒரு குச்சிகூட வைக்கவில்லை.

மாமியார் மட்டும் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், சக்கர நாற்காலியில். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவர் தோட்டத்துக்கு இறங்கியதில்லை. வீட்டுக்குள் அவருடைய அறை ஒரே இருட்டு; படம் வரைவதையும் விட்டுவிட்டார். நான் அடித்த ஒவ்வொரு ஆணிக்கும் தலையாட்டினார். ரசிகை என்று நினைத்தேன்.

அறை முடிந்தது. ரேடியோக்களைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு புறப்பட்டேன். சர்ரென்று என்னை முந்திக்கொண்டு போனது சக்கர நாற்காலி. கதவில் உரசவில்லை. மேசைக்கடியில் முட்டி இடிக்கவில்லை. மேசைமேல் வர்ணங்கள் எப்போதோ வந்து காத்திருந்தன.

"மாப்பிள்ளை! என்னை அளவெடுத்துக் கட்டின மாதிரியில்ல இருக்கு!"

தூரிகையைக் கையில் எடுத்தார். முகம், விளக்கு போட்டதுபோல. அந்த முகத்தைப் பார்த்து 'இது என் அறை' என்று எவன் சொல்வான்?

மனைவியைத் தனியே இழுத்தேன். "அம்மாவுக்குன்னு நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, முடியாதுன்னு குதிச்சிருப்பீங்க. வேண்டாம்னேன், கட்டிட்டீங்க."

ரத்தம் கொதித்தது. மார்பை நிமிர்த்தினேன்.

"இனி அந்தப் பருப்பு வேகாது! சத்தியமா சொல்றேன், நீ சொல்றதுக்கு எதிரா இனிமே ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன்!"

"அப்பாடா!" என்றாள். "இந்த ஒரு வார்த்தைக்குத்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து காத்திருந்தேன்."