எஞ்சினியரின் விமானத்துக்குக் கஞ்சி போட்டவன்

இருபது வயதுவரை ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல் என் வாயில் வந்ததில்லை. அதனால் பட்ட அவமானங்கள் பல. முதலிடம் இந்த விமானத்துக்குத்தான்.

அறுபதுகளில் கிளிநொச்சியில் உழவு திரக்டர் திருத்தும் பட்டறை ஒன்றில் நாட்கூலிக்கு நின்றேன். பட்டறைக்குப் பொறுப்பான எஞ்சினியர் இங்கிலாந்தில் படித்தவர். வரும்போது ரேடியோவால் இயங்கும் சின்ன விமானம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். நிலத்தில் நின்று பெட்டியிலுள்ள பொத்தானை அமத்தினால் மேலே அது திரும்பும். (நானும் ஒருக்கால் அமத்தட்டோ என்று கேட்டு மூன்றுதரம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.)

ஒருநாள் அது பாலை மரத்தில் மோதி இறக்கை கிழிந்தது. எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலயிருந்து என்ர மேலதிகாரி வாறார். அவருக்குப் பறக்கவிட்டுக் காட்ட வேணும். உம்மால திருத்த ஏலுமோ?”

“ஓம் ஐயா.”

“சரிவந்தால் உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி அவரிட்டையே கேக்கிறன்.”

நிரந்தரம்! அந்தச் சொல்லுக்காகக் கப்பலையும் திருத்தித் தருவதாகச் சொல்லியிருப்பேன்.

மூங்கில் சீவி உடைந்த சட்டங்களை ஒட்டினேன். புதுப் பட்டுத்துணியும் போர்த்தினேன். துணியோ தொய்ந்து கிடந்தது. அதை விறைக்க வைக்கும் வார்னிஷ் போத்தலுக்குள்ளேயே காய்ந்துவிட்டது. வேறு ஆளென்றால் எஞ்சினியரிடம் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் வீட்டுக்குப் போய் அக்காவைக் கேட்டேன்.

“அக்கா, வேட்டிக்கு என்னண்டு கஞ்சி போடுறனீங்கள்?”

“ஏன், பொம்பிளை பாக்கப் போறியோ?”

கஞ்சியை இறக்கையில் ஒருதரம் பூசினேன், போதவில்லை. மூன்றுதரம் பூசி வெயிலில் வைத்ததும் இறக்கை தவில்போல் விறைத்தது. எஞ்சினியர் சுண்டிப் பார்த்துத் தலையாட்டினார். என்ன பூசினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அறுவடை முடிந்த வயலில், விமானம் மூன்று வட்டம் அடித்துவிட்டு மறுகரையில் பூப்போல இறங்கியது. மேலதிகாரி கைதட்டினார். நான் மனதுக்குள் முதல் சம்பளத்தில் சைக்கிள் வாங்கி, ஏறி மிதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கரையில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கழுநீரும் கஞ்சியும் குடித்து வளர்ந்த மாட்டுக்கு அந்த மணம் தெரியாதா? ஒரு சிவத்தப் பசு நேராக வந்து இறக்கையைக் கவ்வியது. நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன்.

“விடும்! மாடு இடிக்கப்போகுது!” என்று எஞ்சினியர் கத்தினார்.

விடுவேனா? என் நிரந்தரம் அல்லவா அதன் வாயில் இருக்கிறது! அது இழுக்க, நான் இழுக்க, கடைசியில் வாய்க்கால் சேற்றில் விழுந்தவன் நான்தான். மிஞ்சிய மூங்கில் துண்டோடு மேலதிகாரி முன்னால் போய் நின்றேன்.

“தம்பி, இதில என்ன பூசினனீர்?”

“கஞ்சி ஐயா. மூண்டுதரம்.”

எஞ்சினியர் கண்ணை மூடிக்கொண்டார். மேலதிகாரி சிரிப்புத் தாங்காமல் வரப்பிலேயே குந்திவிட்டார்.

“மாட்டோட இழுபடுற ஆள் திரக்டரை விட்டிட்டு ஓடார். இவரை எடும்” என்றார்.

முப்பது வருடம் அங்கே வேலை செய்தேன். எத்தனையோ திரக்டர்களுக்கு உயிர் கொடுத்தேன். பிரியாவிடைக் கூட்டத்தில் பேசிய ஐந்து பேரும் அந்தப் பசுவைத்தான் புகழ்ந்தார்கள். இன்றைக்கும் நான் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு கோயிலுக்குப் புறப்பட்டால், என் மனைவி வாசல் படலைவரை வந்து, தெருவே கேட்கச் சொல்லுவா:

“இஞ்சேருங்கோ, மாடு நிண்டால் மற்றப் பக்கத்தால போங்கோ!”