சிவப்புக் காரும் ரேணிகுண்டா டாக்டரும்

நடந்தது இவ்வளவுதான்:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தூரில் பழைய சிவப்புக் கார் ஒன்றைப் பார்த்தேன்.
2. பார்த்த உடனே அது எனக்கு வேண்டும் என்று தோன்றியது.
3. ஆகவே, அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று சொன்னேன்.
4. அதை நம்ப வைப்பதற்காக ரேணிகுண்டாவில் ஒரு டாக்டரைப் படைத்தேன்.
5. மதியத்துக்குள், பிள்ளையார் முன்னால் நின்று, அந்த டாக்டரை நானே இல்லாமல் ஆக்கினேன்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முகத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் போட்டுக்கொண்டு போனேன். அங்கிருந்துதான் எல்லாம் கெட்டது.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. அதாவது, நல்ல பொருளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதற்கு மாதச் சம்பளம். திருப்பதியில் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் சித்தூரில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். (நின்றுகொண்டே தூங்கும் கலையில் குதிரைக்கு அடுத்தபடி நான்தான்.) எனவே சொந்தச் சம்பாத்தியத்தில், சின்ன பெட்ரோல் இன்ஜின் வைத்த ஒரு கார். நானே பார்த்து, நானே சோதித்து, நானே பேரம் பேசி வாங்குவேன் என்று வீட்டில் அறிவித்திருந்தேன். நைனா, அதாவது அப்பா, பேசாமல் கூட வந்தால் போதும்.

கார் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவருடையது. வீட்டு வாசலில், மழையில் கழுவிய மிளகாய் மாதிரி நின்றிருந்தது. ஆயுதங்களை வெளியே எடுத்தேன். பானெட்டைத் தொட்டு இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று பார்த்தேன். அடிபட்டதைப் பட்டி பூசி மறைத்த இடம் உண்டா என்று கதவு கதவாகக் காந்தம் வைத்தேன். டயரை உதைத்தேன். ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தேன். இன்ஜின் கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் செருகினேன். எல்லாம் சுத்தம். சாவியைத் திருப்பியதும் மூன்று சிலிண்டரும் விடியற்காலை மிக்ஸி மாதிரி உற்சாகமாகக் கிளம்பின. எனக்கு உள்ளே பெரிய மேளமே அடித்தது. வெளியே, "ம்..." என்றேன்.

மாஸ்டர் விலை சொன்னார். நியாயமான விலை. இன்ஜினியர் என்றால் நியாய விலைக்கு வாங்கலாமா?

"ரேணிகுண்டால ஒரு வண்டி பாத்து வெச்சிருக்கேன், மாஸ்டர். வெள்ளை. டாக்டர் வண்டி. இதவிடக் கம்மியாவே தரேன்றாரு."

பழைய கார் சந்தையில் டாக்டர் ஓட்டிய வண்டிக்குத் தனி மரியாதை. மாஸ்டர் முகம் வாடியது. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். வென்றுவிட்டேன். அங்கேயே குதிக்காமல் இருக்க, ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டேன்.

எதிரி என் கட்சியிலேயே இருந்தார்.

"அப்போ அந்த டாக்டர் வண்டியவே எடுத்துக்கலாமேம்மா" என்றார் நைனா. "டாக்டருங்க பொய் சொல்ல மாட்டாங்க. இதுல மீட்டர திருப்பி வெச்சிருந்தா யாருக்குத் தெரியும்?"

"நைனா, நான்தான் மிஷின் வெச்சுப் பாத்தேனே!"

"வண்டிக்கு மிஷின் வெச்ச. மனுசன் வாய்க்கு எந்த மிஷின் வெப்ப?" மாஸ்டர் பக்கம் திரும்பினார். "காணிப்பாக்கம் போலாமா, மாஸ்டர்?"

எங்கள் ஊர்ப்பக்கம் கோழி காணாமல் போனாலும், பங்காளி வரப்பை வெட்டினாலும், பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்கிறவனுக்குக் கை கால் உதறும் என்பார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சூடேறியது. மாஸ்டரோ, "பதண்டி!" என்று தெலுங்கில் கிளம்பச் சொல்லி, சாவியை என்னிடமே நீட்டினார்.

நான் ஓட்டினேன். ஆகா, என்ன கியர்! வெண்ணெயில் கத்தி. நான் மூன்றாவது கியரில் மிதந்துகொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையிலிருந்து விசாரணை ஆரம்பமானது.

"எந்த டாக்டரும்மா அவரு? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"பல் டாக்டர், நைனா."

"வண்டிய ஏன் விக்கறாரு?"

"வெளிநாடு போறாரு."

"பல்லு பிடுங்க அவ்ளோ தூரமா?"

பின்னால் இருந்து மாஸ்டரின் தலை எங்கள் இருவருக்கும் நடுவே வந்தது. "பல்லு டாக்டரா? எனக்குக் கடவாய்ப் பல்லு ஒண்ணு ஆடிக்கினே இருக்குது. அவரு போறதுக்குள்ள காட்டிடலாம். நம்பர் குடு, பாப்பா."

"ஓட்டிக்கினு இருக்கேன், மாஸ்டர்" என்றேன். அன்று காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை.

கோயில் குளத்தில் கால் நனைத்து, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். மாஸ்டர் சன்னதியைப் பார்த்து, பள்ளிக்கூட மைதானத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார். "மீட்டர் திருப்பல. எங்கியும் மோதல. வெள்ளத்துல முழுகல. சத்தியம்." ஒரு மயிர்கூட அசையவில்லை. நைனா திருப்தியாகத் தலையாட்டினார்.

"இப்ப நீ வா, பாப்பா" என்றார் மாஸ்டர்.

"நானா?"

"டாக்டர் இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் வெல கொறச்சதே அவருக்காகத்தானே."

"தாராளமா சொல்லும்மா" என்றார் நைனா. "எம் பொண்ணு வாயில பொய்யே வராது, மாஸ்டர்."

மூளை வேகமாக ஓடியது. ரேணிகுண்டாவில் யாரோ ஒரு பல் டாக்டர் இருக்கத்தான் செய்வார். அவரிடம் வெள்ளைக் கார் இருக்கலாம். அவர் அதை விற்கவும் விரும்பலாம். அப்படியானால் நான் சொன்னது பொய் என்று எப்படி நிரூபிக்க முடியும்? இந்தத் தர்க்கத்தின் பலத்தில் கையைக் கூப்பினேன். "ரேணிகுண்டால..." என்று ஆரம்பித்தேன். கைக்குள் இருந்த கார்ச் சாவி கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தது.

பயமா, பசியா, பிள்ளையாரா, தெரியாது. இன்றுவரை அதற்கு என்னிடம் அறிவியல் விளக்கம் இல்லை.

"டாக்டரும் இல்ல, வண்டியும் இல்ல, மாஸ்டர்! எனக்கு இந்த வண்டிதான் வேணும். பாத்த ஒடனே வேணும்னு தோணிடுச்சு. தயவுசெஞ்சு வேற யாருக்கும் குடுத்துடாதீங்க!"

கும்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நைனா கண்ணை மூடிக்கொண்டார். பக்தியினால் அல்ல.

மாஸ்டர் சிரித்தார். "வேணும்னு காலையிலயே தெரியும், பாப்பா. டயர ஒதைக்கும்போதுகூட சிரிச்சிக்கினேதான் ஒதைச்ச. ஆனா டாக்டர மட்டும் நம்பிட்டேன்." தாடையைத் தடவிக்கொண்டார். "என் பல்லுக்கு ஒரு வழி பொறந்துச்சுன்னு நெனச்சேன்."

தீர்ப்பை நைனாவே சொன்னார். மாஸ்டர் முதலில் கேட்ட விலை. அதில் ஒரு ரூபாய் குறையாது. வழியில் இட்லி, வடை என் செலவு. மறுபேச்சுப் பேசும் நிலையில் நான் இல்லை. உண்மையைச் சொன்னால், பேசவும் தோன்றவில்லை. கார் என்னுடையது. திரும்பும் வழியெல்லாம் ஸ்டியரிங்கைத் தட்டித் தாளம் போட்டேன்; ஒருவரும் கண்டிக்கவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பு சரிந்துவிட்டது. "சாப்டேம்மா" என்று போனில் சொன்னால், "இன்னா துன்ன? காணிப்பாக்கம் போலாமா?" என்கிறாள் அம்மா. பெண் பார்க்க வந்தவர்களிடம் எனக்குச் சமைக்கத் தெரியும் என்று சித்தப்பா சொன்னபோது, உள்ளறையிலிருந்து நைனாவின் இருமல் கேட்டது. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் உறவினர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு டாக்டரைக் கேட்கிறார்கள்.

கார் நன்றாக ஓடுகிறது. வாராவாரம் திருப்பதியிலிருந்து சித்தூர் வந்து போகிறேன். நான்கு பேரை ஏற்றி ஏசியும் போட்டால், மேம்பாலத்தில் ஏறும்போது அதற்கு மூச்சு வாங்குகிறது. அதைப் பற்றி மாஸ்டர் சத்தியம் செய்யவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மேடு வந்தால் ஏசியை அணைத்துவிடுகிறேன்.