ஆற்றுக்குக் காய்ச்சல் பார்த்தவர்

மேற்கு சிட்னியில் ஆற்றுக்குக் காய்ச்சல் பார்க்கிற மனிதர் ஒரே ஒருவர்தான். அவரிடம் போய் மாட்டிக்கொண்ட மனிதனும் ஒரே ஒருவன்தான். அந்த ஒருவன்தான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மெரிலேண்ட்ஸ் தெருவில் தெர்மாமீட்டர் அங்கிள் என்றால்தான் அவரைத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர், வயது அறுபத்தெட்டு. ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு ஐஸ்கிரீமும் இறைச்சியும் ஏற்றிவரும் லாரிகளின் கதவைத் திறந்து, உள்ளே எத்தனை டிகிரி என்று பார்ப்பது அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்றபோது கிடங்கை விட்டார், தெர்மாமீட்டரை விடவில்லை. பேனா இருக்க வேண்டிய சட்டைப்பையில் அது எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பாயசம் வாங்கியவர், குடிப்பதற்கு முன் தெர்மாமீட்டரைத் துடைத்து உள்ளே விட்டார். "எழுபத்தொண்டு! சின்னப் பிள்ளையளுக்கு உடன குடுக்காதேங்கோ!" என்று அவர் போட்ட சத்தத்தில், வரிசையில் நின்ற அம்மாக்கள் எல்லோரும் குழந்தைகளின் கையிலிருந்த கிண்ணங்களைப் பிடுங்கினார்கள். முருகனைத் தவிர அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளில், காற்றடித்த பிளாஸ்டிக் குளத்தில் பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கையில் குந்தி உட்கார்ந்து சூடு பார்த்தார். "இருபத்திமூண்டு. கெளுத்தி முட்டை விடுற பதம்" என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார். அடுத்த நொடி குளத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை.

அவருக்கு உலகம் இரண்டு மீன்களால் ஆனது. ஒன்று பாஸ். அது குளிர்காலத்தில், தண்ணீர் நடுங்க வைக்கும் குளிரில் இருக்கும்போது, ஆற்றின் கீழே உப்புத்தண்ணீர் கலக்கும் இடத்துக்குப் போய் முட்டையிட்டுவிட்டு, வசந்தத்தில் பசியோடு மேலே ஏறி வரும். மற்றது நம் ஊர்க் கெளுத்திக்குச் சொந்தம் என்று சொல்லத்தக்க ஆற்றுக் கெளுத்தி. அதற்குத் தண்ணீர் இருபதைத் தாண்டி நன்றாக வெதுவெதுக்க வேண்டும். இதையெல்லாம் நான் விரும்பிக் கற்றுக்கொள்ளவில்லை. என் தலையில் ஏற்றப்பட்டது.

என் கதைக்கு வருகிறேன். என் மகள் மது சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. ஆகஸ்டில் பள்ளியில் நடந்த மாதிரித் தேர்வில், கணக்குத் தாளை வாங்கிய இருபதாவது நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து வெளியே போய், நடைபாதையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பள்ளியிலிருந்து எனக்குப் போன் வந்தது. அன்று நான் கார் ஓட்டிப்போன வேகத்தை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. இன்றைக்கும் போன் அடித்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறேன். அக்டோபரில் எச்.எஸ்.சி. என்ற பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அதில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து முடிப்பாளா என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே கேள்வி.

ஒரு தகப்பன் என்ன செய்வான்? தேர்வு முடியும்வரை லீவு போட்டேன். மணிக்கு ஒருமுறை ஹார்லிக்ஸ் கொண்டுபோனேன். கதவு மூடியிருந்தால் வெளியே நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். "அப்பா, ப்ளீஸ். ஐ ஆம் ஜஸ்ட் ரீடிங்" என்பாள். படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இத்தனை எரிச்சல் என்று அதையும் பக்கத்தில் இருந்து கவனித்தேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் தெர்மாமீட்டர் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, என்ர கண்ணில புரை. டொக்டர் கார் ஓடவேண்டாம் எண்டிட்டார். நேபியன் ஆத்துக்குப் போகவேணும். இந்தச் சீசனை விட்டா ஒரு வருசம் போயிடும்."

"ஐயோ, இப்போ முடியாது அங்கிள், மதுவுக்கு எக்ஸாம்..."

"பாவங்க, கண்ணு தெரியாதவரு" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தாள் என் மனைவி. "மதுவை நான் விட்டுட்டு வர்றேன். நீங்க அங்கிளைக் கூட்டிட்டுப் போங்க."

உலகத்தில் இரக்கம் மிகுந்த பெண்ணை மணந்திருக்கிறேன் என்று நம்பினேன். அந்த முட்டாள்தனத்தையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆக, ஆங்கிலத் தேர்வு அன்று காலையில், மகளை வாழ்த்தி அனுப்ப வேண்டிய தகப்பன், நேபியன் கரையில் ஒரு மடக்கு நாற்காலியில் இருந்தேன். தூண்டிலைப் போடலாமா என்றால் அதுவும் கூடாது. அவர் முழங்கால்வரை இறங்கி, தெர்மாமீட்டரை நூலில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"பதினேழரை. பதினெட்டு வரட்டும்."

"அரை டிகிரியில என்ன அங்கிள் ஆயிடப்போகுது?"

"அரை டிகிரி எண்டா உங்களுக்குச் சின்ன விசயம். மீனுக்கு அது ஒரு கிழமை, ஏழு நாள் வித்தியாசம்."

அந்த அரை டிகிரிக்காக இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். அங்கே ஆங்கிலத் தேர்வு முடிகிற நேரமே ஆகிவிட்டது, இங்கே அவருக்குப் பதினெட்டு வரவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது மது சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். முழுக்க உட்கார்ந்து எழுதினாளாம். நான் இல்லாமல்! இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

அடுத்தடுத்த தேர்வு நாட்களிலும் இதே கதை. மழை பெய்தால் "ஒண்டு குறைஞ்சிட்டுது" என்று ஆற்றுக்கு உடம்பு சரியில்லாதது போல அங்கிளின் முகம் வாடும். வெயிலடித்தால் "இருபது! இருபது!" என்று என் முதுகில் அறைவார். என் போனை வாங்கி, தன் சாப்பாடு வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். "மீனுக்குச் சத்தம் ஆகாது" என்பார். அவர் பேசுகிற சத்தத்துக்கு நேபியனில் ஒரு மீன் மிச்சம் இருந்ததே அதிசயம்.

தண்ணீர் இருபத்தொன்றைத் தொட்ட அன்று, கரையோரம் ஆழமில்லாத இடத்தில் வட்டமாகச் சேர்த்து வைத்த கூழாங்கற்களைக் காட்டினார். கெளுத்தியின் கூடு. முட்டையை இட்டுவிட்டுப் பெண் போய்விடும். ஆண் காவல் நிற்கும். ஒரு இலை விழுந்தால் பாய்ந்துபோய்த் தள்ளுகிறது, இறால் வந்தால் விரட்டுகிறது. வாலை ஆட்டி ஆட்டி முட்டைகளுக்குப் புதுத்தண்ணீர் அனுப்புகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்ளோ பொறுப்பு பாருங்க அங்கிள்" என்றேன்.

"பொறுப்புத்தான். ஆனா அவன் முட்டைக்கு மேல ஏறி நிக்கேல்லை, பக்கத்தில நிக்கிறான். உங்கட வீட்டில நீங்கள் ஏறியெல்லோ நிக்கிறியள்!"

என்னை ஒரு மீனோடு ஒப்பிட்டதே தவறு. அதிலும் மீனுக்கு ஒரு படி கீழே வைத்து ஒப்பிட்டதை எந்த மரியாதையுள்ள மனிதன் பொறுப்பான்? திரும்பி வரும் வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. கார் ஏசியின் வாயில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கணக்குத் தேர்வு அன்று நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. ஆற்றில் இருபத்திரண்டு. கூட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தேர்வு தொடங்கிச் சரியாக இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஐஸ் பெட்டிக்குள் என் போன் அடித்தது.

பாய்ந்தேன். பாசி வழுக்கியது. அடுத்த கணம் இடுப்புவரை தண்ணீரில் இருந்தேன்.

"கூட்டை மிதிக்காதேங்கோ!" என்று அலறினார் அங்கிள். கையைக் கொடுப்பார் என்று நீட்டினேன். "எப்பிடி, கீழ குளிருதோ? கால் பக்கம் சொல்லுங்கோ!" என்றார்.

நானே ஏறி, பெட்டியைத் திறந்து, இடியாப்பப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து போனை எடுத்தேன். பல் டாக்டரின் கிளினிக். ஆறு மாதமாகிவிட்டதாம், பல்லைச் சுத்தம் செய்ய வரலாமாம்.

அதன்பின் எத்தனை நேரம் அப்படி ஈரத்தோடு நின்றேன் என்று தெரியாது. அவர் தன் துண்டைப் போர்த்திவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். சூடு பார்க்காமல் தந்தார். அன்று மீனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மதியம் போன் மறுபடி அடித்தது. மது.

"அப்பா, முடிஞ்சுது. நான் எந்திரிக்கவே இல்ல. ஃபுல்லா உக்காந்திருந்தேன்."

'எப்படி எழுதினே?' என்று வாய்வரை வந்துவிட்டது. எதிரே தெர்மாமீட்டரை ஆட்டி ஆட்டி எச்சரித்தார் அங்கிள். விழுங்கினேன். "சரிடா கண்ணா" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள். இந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் அவரை மன்னித்திருப்பேன். தேர்வெல்லாம் முடிந்த மறுவாரம் பரமட்டாவில் ஒரு பலமாடிக் கார் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே, நான் முயலவே துணியாத ஒரு சந்துக்குள், ஒரு வெள்ளைக் கார் ஒரே மூச்சில் பின்னோக்கிப் போய் நின்றது. இறங்கியவர் தெர்மாமீட்டர் அங்கிள். தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டு, படிக்கட்டு வழியாக ஓடியும் போனார். புரை விழுந்த கண்!

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். "மதுதாங்க கேட்டுச்சு. 'அப்பா வீட்ல இருந்தா எனக்கு மூச்சு விட முடியல'ன்னு சொல்லிச்சு. நான்தான் அங்கிள்கிட்ட போய்ச் சொன்னேன்" என்றாள்.

சதி! என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால், என் பெட்ரோலில்! அவரை என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே ஆற்றுக்குப் போனேன். அங்கே முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றார். கூடு காலியாக இருந்தது. குஞ்சுகள் பொரித்துப் போய்விட்டன. காவல் நின்ற மீனையும் காணவில்லை.

"தம்பி, நல்ல நேரம் வந்தனியள். இஞ்சதான் நிண்டவன். ஒண்டும் சாப்பிடாமக் கிடந்தவன், எங்க போய்ச் சேர்ந்தானோ..." என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். வெயில் சாயும்வரை இருவரும் கரையோரமாகத் தேடினோம்.

அந்தச் சண்டையை நான் இன்னும் போடவில்லை. ஆனால் போடப்போவது உறுதி என்று வீட்டில் சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன்.