ஹெட்போன் பாயும் காணாமல் போன பேச்சும்

குரோம்பேட்டைக்கும் பொத்தேரிக்கும் நடுவே கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேரை அழகாக்கியது மேக்கப் இல்லை. எங்கள் ஹெட்போன் பாய்தான்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம், மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்த கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் அவர் எடிட்டர். நான் ஆல்பம் டிசைனர். பிரியாணி சாப்பிடும்போதும் ஹெட்போனைக் கழற்றாதவருக்கு வேறு எப்படிப் பெயர் வரும்? அதிலும் இடது பக்கம் மட்டும்தான் கேட்கும். புதிது வாங்கச் சொன்னால், "சோத்தாங்கை காது வூட்டம்மாவுக்கு, மச்சான். அத்த டிஸ்டர்ப் பண்ணாத" என்பார்.

கம்ப்யூட்டர் திணறினால், "இன்னாபா, நாஷ்டா துன்னலயா?" என்று மானிட்டரைத் தட்டுவார். தாலி கட்டும் காட்சியில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, "தொறடா கண்ண!" என்று அதட்டுவார். திறந்த நொடியில், "மாட்னான்!" ஸ்டில் எடுத்தாயிற்று.

ஒருநாள் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு புதுப்பெண் கலங்கிய கண்ணோடு வந்தாள்.

"அண்ணா, நீங்க குடுத்த வீடியோல, ரிசப்ஷன்ல எங்கப்பா மைக்ல பேசினது வரவே இல்ல. பாட்டு மட்டும் கேக்குது. அப்பா சும்மா வாயசைக்கிறாரு."

பாய் ஓடவிட்டுக் கேட்டார். "கணீர்னு கீதும்மா! உன் போன்தான் அவுட்டு."

என் போனில் போட்டோம். பேச்சு இல்லை. பாயின் போனிலும் இல்லை. "என் போனே எனக்கு எதிரா சாட்சி சொல்லுதே!" என்று அதிர்ந்தார்.

"அப்பா என்னை ஒரு தடவைகூடப் பாராட்டினதில்லண்ணா. அன்னைக்குப் பாராட்டினாராம். நான் புடவை மாத்தப் போயிட்டேன். இந்த வாரம் வெளிநாடு கிளம்பறோம்" என்றாள்.

பாய் ஃபேனை நிறுத்தினார். மில்லை நிறுத்தச் சொல்லி என்னைக் கீழே அனுப்பினார். திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒலியின் இடது தடத்தை மட்டும் கேட்டார். பேச்சு இருந்தது. வலது தடத்தை ஹெட்போனின் கேட்கும் பக்கத்துக்குத் திருப்பினார். அதிலும் இருந்தது. இரண்டையும் கலந்தார். பேச்சு மாயம்!

"மச்சான்!" என்று துள்ளி எழுந்தார். "தனியா வுட்டா ரெண்டும் நல்லா பேசுது. ஒண்ணா வுட்டா ஒண்ண ஒண்ணு அமுக்கிக்கினு ஊமையாவுது!"

மைக் இணைப்பில் ஏதோ தலைகீழாகி, பேச்சு ஒரு தடத்தில் மற்றதற்கு நேரெதிராகப் பதிவாகியிருந்தது. போனின் ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டு தடமும் கலந்ததும் பேச்சு அழிந்து, தனியாகச் சேர்த்த பாட்டு மட்டும் தப்பியிருக்கிறது. ஒற்றைக் காதால் கேட்ட பாய்க்கு அது எப்படித் தெரியும்? வலதைத் தூக்கி எறிந்துவிட்டு, இடதையே இரண்டு பக்கமும் போட்டு, அவள் போனில் ஓடவிட்டார்.

"திட்டினதெல்லாம் வாய்தான். என் பொண்ணு மாதிரி ஒருத்தி யாருக்கும் கிடைக்க மாட்டா" என்றது ஒரு கரகர குரல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாயோ அதற்குள் திரையில் வேட்டையைத் தொடங்கியிருந்தார். "பேசி முடிச்சிட்டு எங்கியோ சிரிச்சாரும்மா, பாத்தேன்... சார், கொஞ்சம் சிரிங்க சார்... மாட்னாரு!"

அந்த ஃப்ரேமை அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். "எங்கப்பா சிரிச்சு வீட்ல ஒரு போட்டோகூட இல்லண்ணா" என்று அழுகைக்கு நடுவே அவள் சிரித்தாள். பாய் படியிறங்கி ஓடி, "சவுண்டு வந்துச்சுபா!" என்று மில்காரரைக் கட்டிப்பிடித்து, வெள்ளை மாவு பூசிய வெற்றி வீரராகத் திரும்பினார்.

இப்போது எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். தேதி குறிக்க ஜோசியரைப் பார்க்கலாம் என்றார் அம்மா. பாய்க்கு எந்த நாள் தோதுப்படும் என்று முதலில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.